காலி அறை

எல்லோருக்கும் அவள் சாவியம்மா. தேவாலயம், அதன் பின்னால் இருந்த பழைய கூட்ட மண்டபம் இரண்டின் சாவிகளும் அவள் இடுப்பில்தான் தொங்கும். புருஷன் செத்த வருஷம் பெருக்க வந்தவள். "மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் கிடக்கு, இருந்துக்கோ" என்று அப்போதிருந்த போதகர் வாய்வார்த்தையாகச் சொன்னார். அந்த அறையில்தான் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது, புறாக்களின் ராஜ்ஜியமாக. இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். மழை பெய்தால் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நிற்பார்கள். கடவுளுக்கு இருந்த இடத்தில் கால்வாசிகூட அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. மண்டபத்தைப் பள்ளிக்கு விடலாம் என்று சபையில் பேச்சு வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் சாவியம்மாதான்.

"சீக்கிரம் வாங்க டீச்சர்" என்றாள், தலைமை ஆசிரியையைத் தெருவில் நிறுத்தி. "புறாவுக்குப் பெருக்கி அலுத்துப்போச்சு. புள்ளைங்கன்னா திட்டவாவது தோதா இருக்கும்."

கமிட்டியும் என்ஜினியரும் இடம் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பெரியவர்கள் வந்தால் வேலைக்காரர் சாமான் கண்ணில் படக்கூடாது. யாரும் அவளுக்கு விதித்த சட்டமில்லை. பெருக்குகிறவர்களுக்கு உடம்பில் ஊறிப்போகும் வழக்கம். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அடுப்பும் பாத்திரமும் மாடிப்படிக்கு அடியில் போயின. மகளின் கல்யாணப் படத்தைக்கூட ஆணியிலிருந்து கழற்றிவிட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினாள்.

"இது என்ன ரூம்?" என்று எட்டிப் பார்த்தார் என்ஜினியர்.

"காலியாத்தான் கிடக்கு" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"நல்லா வச்சிருக்கியேம்மா" என்றார் கூட வந்த இப்போதைய போதகர். அந்தப் பாராட்டில் அவளுக்கு வாயெல்லாம் பல். தான் அங்கே இருப்பது ஐயாவுக்குத் தெரியாதா என்ன, எல்லாம் யோசித்துத்தான் பேசுவார்கள் என்று இருந்துவிட்டாள்.

கொத்தனார் வந்து, "கக்கூஸ் கட்டணும், ரூமைத் திறங்க" என்றபோதுதான் விஷயம் புரிந்தது. போதகர் வீட்டுக்கு ஓடினாள்.

"ஐயா, நான் அந்த ரூம்லதான் இருக்கேன்."

"இருக்கியா? பூட்டிட்டு வீட்டுக்குப் போகமாட்டியா?"

"அதாங்கய்யா வீடு."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் அல்ல. "ஆண்டவர் ஒரு வழி காட்டுவார்மா" என்றார். வழியை அடைப்பது மனிதர்களாம், திறந்துவிட மட்டும் ஆண்டவர் வரவேண்டுமாம்! மாடியில் கமிட்டி எப்போதாவது கூடுவதற்கென்று மெத்தை நாற்காலி போட்ட ஓர் அறை இருந்தது. அதை இவளுக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

தலைமை ஆசிரியை மட்டும் தேடி வந்தாள். "தண்ணிக் குழாய் அந்த ரூம் வழியாத்தான் போகுதாம். கக்கூஸ் இல்லாம பள்ளிக்கூடத்துக்கு அனுமதி தரமாட்டாங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் நிறுத்திடறேன்மா."

சாவியம்மா இடுப்புச் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டாள். "கொட்டகையில பொம்பளைப் புள்ளைங்க எங்க போகுதுங்க?"

"முள்ளுக்காட்டுக்கு."

"அப்ப கட்டுங்க டீச்சர்."

திறப்பு விழாவில் செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம் சபையின் தியாகம்" என்று முழங்கினார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஆண்டு முழுக்கப் பூட்டிவைத்திருந்ததைத் திறந்துவிட்டதற்குப் பெயர் தியாகமாம். கொடுத்தவள் கடைசி பெஞ்சில் ஒரு மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்தபோது பலர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கே போகப்போகிறாய் என்று கேட்கத்தான் ஆளில்லை.

பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறையில் ஐந்து பேர். மகள் மூட்டையைப் பார்த்தாள், உள்ளே படுத்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எத்தனை நாளைக்கும்மா?"