அகவணக்கம் பெற்ற உயிருள்ள மக்கள்

லண்டன் மனோர் பார்க் மண்டபமொன்றில் நான் வென்ற பட்டிமன்றக் கிண்ணம் என் அலமாரியில் இருக்கிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

'சிறிய இனத்தைக் காப்பது மொழியா, தலைமையா?' என்பது தலைப்பு. மொழியின் பக்கம் நின்றவர்களில் நான் இறுதிப் பேச்சாளன். என்னிடம் வேறெவரிடமும் இல்லாத ஒரு சான்று இருந்தது. நைஜீரியாவின் ஜொஸ் நகரை ஒட்டி வாழும் அனகுதா மக்களைப் பற்றி, அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் சொல்லியிருந்தார். அவரும் அனகுதா. அவர்களின் நிலத்தில்தான் நகரம் வளர்ந்தது. பிள்ளைகள் ஹவுசா மொழிக்கு மாறுகிறார்கள். ஆனாலும் 'உஜா' என்னும் தலைவர் இருக்கிறார், மக்களும் இருக்கிறார்கள்.

உயிரோடிருக்கும் இனத்துக்குச் சபை அழாது. ஆகவே கொன்றேன். "மொழி போயிற்று; மக்களும் போயினர்; உஜாவின் இருக்கை மட்டும் எஞ்சியது!" என்று முழங்கி, மறைந்த அனகுதா மக்களுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று அகவணக்கம் செலுத்த வேண்டினேன். மண்டபமே எழுந்தது.

மூன்றாம் வரிசையில் அந்தப் பக்கத்து மேசைக்காரரும் எழுந்து தலைகுனிந்தார். அழைத்தவன் நானே. தமிழ் அறியாத அவர், தம் இனத்தின் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் புன்னகைத்தபடி, ஊருக்கு அனுப்பக் கைபேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தார்.

பரிசளிப்பு முடிந்ததும் ஆங்கிலத்தில் கேட்டார்: "யார் இறந்தது?"

நான் பொய்யொன்றைத் தேடுகையில் வடைத் தட்டோடு ஓர் அன்ரி வந்தார்.

"தம்பி, அனகுதா கதையைச் சொல்லி எல்லாரையும் அழ வைச்சிட்டாய். இவர் ஆர்?"

"நான் அனகுதா," என்றார் அவரே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு.

"ஐயோ, ஒருத்தர் மிஞ்சியிருக்கிறாரோ!" அன்ரி அவரின் கையைப் பற்றி, அவரின் மக்கள் எல்லாரும் அழிந்ததற்குத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் துக்கம் சொன்னார்.

அவர் என்னைப் பார்த்தார். "என் அம்மா காலையில்தானே ஊரிலிருந்து பேசினார். கோழி முட்டையிடவில்லை என்று குறைப்பட்டார்."

"அந்தப் பதிவை அனுப்ப வேண்டாம்," என்றேன்.

"உஜாவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். லண்டனில் தமிழர்கள் நமக்காக எழுந்து நின்றார்கள் என்று எழுதினேன். இனி என்ன எழுதட்டும்?"

படமெடுப்பவர் கூப்பிட்டார்: "தம்பி, கப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கோ."

உயர்த்தினேன். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.