கால் வைக்க இடமில்லாத கிரில்

கஞ்சிக்கோட்டில் ஒரு கிரில் பட்டறையில் டிசைன் பார்க்கிற வேலை எனக்கு. நாங்கள் செய்து கொடுத்த கேட், ஜன்னல், பால்கனி எல்லாவற்றையும் படமெடுத்து, கம்ப்யூட்டரில் மயில், தாமரை, சூரியன், கொடி என்று தனித்தனி ஃபோல்டரில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு டிசைனுக்கு ஒரு இடம்தான். தாமரையும் மயிலும் சேர்ந்து இருந்தால் எது பெரிதோ அதன் ஃபோல்டர். அந்த அடுக்கில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

அங்கே பெயின்ட் அடிக்கிற பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். அடித்து முடித்த கிரில்லைப் போனில் படமெடுத்து, தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே தோன்றியதையெல்லாம் எழுதி வைப்பாள். 'மயிலு. மூலைக்குள்ள பிரஷ் போகாது. தூசி அடையும். பூனை நொழையாது.'

"இதென்ன லிஸ்டா, ஊர்வம்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க ஃபோல்டர்ல மயிலத் தேடுனா மயிலு மட்டுந்தானுங்ணா கெடைக்கும். எனக்கு அது பத்தாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய மூன்று வயது மகள் மாடி பால்கனி கிரில்லில் ஏறி, உச்சிக் கம்பிமேல் குனிந்து நின்றிருக்கிறாள். இவர் ஓடிப்போய்ப் பிடித்ததால் பிழைத்தாள்.

"அன்னைக்கிலருந்து கண்ண மூட முடியலீங்க. அதைக் கழட்டி வீசிட்டு, புள்ளை ஏற முடியாததா ஒண்ணு போட்டுக் குடுங்க."

மயிலைத் திறந்தேன். தாமரையைத் திறந்தேன். "ஐயோ, பூவெல்லாம் வேண்டாங்க!" என்றார். அப்போதுதான் பார்க்கிறேன், நான் மார்தட்டிக்கொண்ட டிசைன்களில் முக்கால்வாசி குழந்தைகளுக்குப் படிக்கட்டு. அவர் கேட்டதைத் தேட எந்த ஃபோல்டரைத் திறப்பது என்றே தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

பிரைமர் அடித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். 'கால் வெக்க எடமில்ல' என்று தட்டினாள். மூன்று படங்கள் வந்தன. மூன்றுமே கேட். அடியிலிருந்து நெருக்கமான நேர்க்கம்பி, பூவேலை உச்சியில் மட்டும். அளவைக் குறைத்தால் பால்கனிக்கு ஆகும். என் கம்ப்யூட்டரில் ஒன்று சூரியனில், ஒன்று தாமரையில், ஒன்று கொடியில் கிடந்தது.

"கொழந்தைகளுக்குன்னு முன்னாலயே எழுதி வெச்சியா?"

"அட போங்ணா! கேட்டுக்கு மேல பெயின்ட் அடிக்கோணும்னா கேட்டுலயே ஏறி நின்னுக்குவேன். இதுல நிக்க முடியாது, ஏணி தூக்கிட்டுப் போகோணும். அதுக்கு எழுதுனது."

அசந்துபோனேன். தன் சிரமத்துக்கு எழுதிய வரி, அவள் நினைத்தே பார்க்காத ஒரு குழந்தைக்கு உதவுகிறது! என் அடுக்கில் அப்படி ஒரு வரிக்கு இடமே கிடையாது. அன்றைக்கே அவள் வரிகளை வாங்கி என் படங்களுக்கும் ஏற்ற ஆரம்பித்தேன், ஒரு படத்துக்கு எத்தனை வேண்டுமானாலும்.

கிரில் மாட்டிய அன்று நாங்கள் இருவரும் போயிருந்தோம். குழந்தை நேராக ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள், காலைத் தூக்கினாள், வழுக்கினாள். மறுபடி ஏறப் பார்த்தாள், மறுபடி வழுக்கினாள். கடைசியில் என்னை முறைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் அம்மா முதலில் சிரித்தார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பெயின்ட் அடிக்கிறவள் ஓரமாக நின்று கிரில்லைப் படமெடுத்து என்னவோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன்.

'புள்ளை ஏறிப் பாத்துருச்சு. முடியல. அழுதுச்சு.'