பியட்றிஸின் பத்தியம்

மலையூரான மஹய்யாவையில் பிள்ளை பெற்றவளானாலும் சரி, ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டு வந்தவரானாலும் சரி, பியட்றிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வீட்டுக்காரர்களுக்கு மூச்சே வரும். பத்தியத்தில் அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. அந்த வீட்டு மாமியாரையே அடுப்படியிலிருந்து விரட்டிவிடுவாள்.

1929இல் அவளுடைய தங்கை யோசப்பினின் கழுத்துக் கழலையை வெட்டி எடுத்தபோதும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். புண்ணில் சீழ் வைக்கும் என்று நாற்பது நாள் பாலையும் தயிரையும் கண்ணில் காட்டவில்லை. மிளகு ரசமும் குழைந்த சோறும்தான். தங்கை தேறி எழுந்தாள். அந்தப் பேரில் பாதி டாக்டருக்குச் சேரவேண்டும் என்று பியட்றிஸ் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆறு வருஷத்தில் கழலை மறுபடி வளர்ந்து மூச்சுக்குழலை நெரித்தது. பழைய வெட்டு தழும்பேறி இறுகிக் கிடக்கிறது, எது நரம்பு எது சதை என்று பிரிப்பதே கஷ்டம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். வேறு வழியில்லாமல் வெட்டினார்கள். யோசப்பின் பிழைத்தாள், குரல் போய்விட்டது. கோயிலில் முதல் ஆளாகப் பாட்டெடுத்தவள் வெறும் காற்றாகப் பேசினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நேர்ஸ் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்தாள்.

"கழலையோட ஒட்டியிருந்த சின்னச் சுரப்பிகளும் சேர்ந்து போயிருச்சு. இனி இவ ஒடம்புல சுண்ணாம்புச் சத்து தங்காது. இந்தப் பொடிய மூணு வேளையும் குடுங்க, பாலும் நெறைய குடுங்க. வெரல் மரத்துப்போனா ஒடனே கூட்டிட்டு வாங்க."

பியட்றிஸ் நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பொடியைச் சாக்கடைக் கானில் கொட்டினாள்.

"பச்சப் புண்ணுல சுண்ணாம்பா? தொண்ட வெந்து போயிரும்."

மூன்றாம் நாள் யோசப்பினுக்கு உதடு மரத்தது. அக்காவின் காதைத் தன் வாயருகே இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா... அந்தப் பொடி... கொஞ்சம் பால்..."

"பேசாத புள்ள, தையல் பிரிஞ்சிரும். போன தடவ நான் பாக்கலியா?"

மறுநாள் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறவள் போல விரல்கள் குவிந்து இறுகிக்கொண்டன. மலைக்குளிர் பிடித்துவிட்டது என்று பியட்றிஸ் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். பாவம், கை வலிக்க வலிக்கத் தேய்த்தாள். யோசப்பினின் புருஷன் சுவக்கின், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமா மதினி?" என்று இரண்டு தரம் கேட்டான். அவள் முறைத்த முறைப்பில் அடங்கிப்போனான்.

ஐந்தாம் நாள் காலையில் தொண்டை அடைத்து மூச்சு கீச்சிட்டது. ரிக்‌ஷாவில் போட்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றிருந்தது.

நேர்ஸ் கழுத்துத் துணியை விலக்கினாள்.

"பாருங்கம்மா," என்று பியட்றிஸ் அழுதாள். "ஒரு பொட்டுச் சீழ் இல்ல. ஒரு சொட்டுப் பால்கூட வாயில படவுடல. அப்புறம் எப்படிம்மா?"

"பொடி?"

"அது... கொட்டிட்டேன்."

"அந்தப் பொடியும் பாலும்தாம்மா இவ உசுரு."

பியட்றிஸ் குனிந்தாள். தங்கையின் குவிந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அவ கேட்டாம்மா," என்றாள். "எங்கிட்ட வாய்விட்டுக் கேட்டா."