மறைப்பு அட்டை இல்லாத மேசை

ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிக் குப்பிகளுக்கு எண் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றுவது அவள் வேலை. பதினொரு ஆண்டுகளில் ஒரு குப்பிகூட இடம் மாறியதில்லை. உடன் வேலை செய்பவர்கள் அவளைக் கோப்பம்மா என்றார்கள். அவள் அதை மறுக்கவில்லை. அந்தப் பெயரை முதலில் சொன்னது யார், எந்தத் தேதியில் என்பதை மட்டும் குறித்துவைத்திருந்தாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை நான்கு இருபதுக்கு, அவளுடைய வைத்தியச்சி செத்துப்போனாள். வைத்தியச்சி என்பது அக்காவின் கணவர் நடத்திவந்த கற்பனை விளையாட்டில் அவள் ஏற்றிருந்த பாத்திரம். அவர் ஓர் உலகத்தை வருணிப்பார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ்வார்கள். அடி விழுமா தப்புமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் அடி, சின்ன எண் விழுந்தால் தப்பு. அவர் மட்டும் தம் பகடையை ஒரு மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டுவார். "பதினெட்டு. ஈட்டி நெஞ்சுல இறங்கிடுச்சு" என்றார் அன்று. அவள் பகடையைக் காட்டச் சொன்னாள்.

"என்மேலயே சந்தேகமா, மச்சினி?" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். பகடையை ஆயிரம் முறை உருட்டிப் பட்டியலிட்டாள். விதிகளைத் தானே எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். அடித்த தாள்களையும் தேதியிட்டுச் சேர்த்தாள். மூன்று கோப்புகள் நிறைந்தபோது ஓர் உலகம் பிறந்திருந்தது: ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல் விலகி, அடியில் கிடக்கும் நகரங்கள் நாற்பது நாட்கள் மட்டும் வெளியே தெரியும் உலகம்.

ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது திறந்தது. ஆட வந்தவர்கள் மூவர்தான்: அக்கா, அக்காவின் கணவர், கீழ்த்தள மருந்துக்கடைக்காரர். ஒருவர் எழுந்து போனாலும் ஆட்டம் கலைந்துவிடும். மேசையில் மறைப்பு அட்டை இல்லை.

"கடல் விலகிடுச்சு. காலுக்குக் கீழ சேறு, மீனெல்லாம் இன்னும் துடிச்சிட்டிருக்கு. முன்னால ஒரு நகரத்தோட கதவு. என்ன பண்றீங்க?"

இந்த முறை உலகத்தை வருணித்த அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க, நான் சாவித் துவாரத்துல பாக்கறேன்" என்றாள் திருடியாக வந்த அக்கா.

"பாக்கறதாவது! உதைக்கறேன்" என்றார் வாள்வீரராக வந்த கணவர்.

"சார், உதைக்கிறதுக்கு முன்னாடி நான் பத்தடி தள்ளி நின்னுக்கறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வாள்வீரர் உதைத்தார். கதவோரப் பாறைபோலக் கிடந்தது பாறையல்ல, நண்டு; கொடுக்கை அவர்மேல் வீசியது. அவள் எல்லோர் கண்ணெதிரிலும் பகடையை உருட்டினாள். இருபது. அதற்குமேல் எண்ணே கிடையாது.

"செத்துட்டீங்க, மாமா."

"நாப்பது நிமிஷம்கூட ஆகல! இதுக்குத்தான் மறைப்பு வேணும்ங்கறது. இருபது விழுந்தா அஞ்சுன்னு சொல்லிட்டுப் போறது! நான் எப்பவும் அப்படித்தான்..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா மெல்லத் திரும்பினாள். "எப்பவுமா? அப்போ இவ வைத்தியச்சிக்கு என்னங்க விழுந்துச்சு?"

அவர் மேசையைப் பார்த்தார். "நாலு. கதை சூடு பிடிக்கட்டுமேன்னு..."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"எழுதாத, மச்சினி."

"எழுதிட்டேன், மாமா."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல் பக்கம் போகாமல் மேசையைச் சுற்றி வந்தவர், பகடையைக் குனிந்து பார்த்தார். இருபது, இருபதாகவே கிடந்தது. "மறைக்காம உருட்டற துணிச்சல் எனக்கு வந்ததே இல்ல" என்றபடி திரும்பிப் போய் உட்கார்ந்தார். "எனக்கு ஆட வேற பாத்திரம் வேணும். தாள் குடு."

"சார், உங்க வாளை எடுத்துக்கட்டுமா?"

"யோவ், பொணம் இன்னும் ஆறலய்யா!"

"வித்தா பாதி எனக்கு" என்றாள் அக்கா.

அவள் தன் இரண்டாம் கோப்பின் தாள்களை வேகமாகப் புரட்டினாள். குரல் அவளை முந்திக்கொண்டு ஓடியது. "ஒன்பது வருஷம் தண்ணிக்குள்ள கிடந்த நகரம். அந்தக் கதவை இப்போ உள்ளேயிருந்து யாரோ தட்டறாங்க. அது நீங்கதான், மாமா. சொல்லுங்க, யார் நீங்க?"