அக்காவின் குழம்பில் உப்பு

கருங்குழியில் எங்கள் வீட்டின் மூத்த மகளாகப் பிறந்து, திருக்கழுக்குன்றத்தில் வாழ்க்கைப்பட்டு, சென்ற மாசியில் நம்மை விட்டுப் போன அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். உடன்பிறந்தவர்கள் மூன்றே பேர். அதில் எழுதத் தெரிந்தவள் நான்தானாம். அக்காவைப் பற்றி நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. அவற்றை எழுதும்போது எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான். அவர் இருக்கும்போதும் எரிந்தது, இப்போதும் எரிகிறது.

அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் பட்டம் வாங்கி, செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறாம் வருடம், மாமா ஓட்டிய வேன் கவிழ்ந்து அவருக்கு இடுப்பு ஒடிந்தது. எழுந்து நடக்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் அக்கா வாசலில் இட்லி சுட்டு விற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மாமாவைக் கைத்தாங்கலாக நடக்கப் பழக்கினார். ஒருநாளும் ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. இதைச் சொல்லாத உறவினர் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது காணும் பொங்கல்.

நண்பர்கள் கையிலும் இந்த மலர் இருக்கும் என்பதால் நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காணும் பொங்கலன்று காலையில் அக்கா வீட்டில் கூடி, காலமான அப்பா அம்மாவுக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு, சோற்றையும் குழம்பையும் கட்டிக்கொண்டு மாமாவின் வேனில் மாமல்லபுரம் போவோம். சவுக்கு நிழலில் பாய் விரித்து அவரவர் தூக்கைத் திறப்போம். அக்கா வைப்பது பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்பு. படைப்பதற்கு முன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது எங்கள் அம்மா போட்ட சட்டம். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. மேற்கொண்டு எவ்வளவு போடுவது என்பது ருசி பார்த்துப் போடுகிறவர்களுக்கே தவறும். அக்கா பார்க்காமலே போடுவார், ஒரு வருடமும் தவறியதில்லை.

நான் விலையைப் பார்க்காமல் வஞ்சிரம் வாங்கி மீன் குழம்பு வைத்து எடுத்துப் போவேன். அக்காவின் தூக்கை வழித்துக் காலி செய்வார்கள். என் தூக்கு பாதியோடு வீடு திரும்பும். என் வீட்டுக்காரர் மட்டும் கடமைக்கு இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வார். அப்போதும் அவர் கண் அக்காவின் தூக்கின் மேல்தான் இருக்கும்.

போன வருடப் பொங்கலுக்குள் அக்காவுக்கு நோய் முற்றியிருந்தது. கீமோ கொடுத்ததில் முடி போனது, நாக்கில் ருசியும் போனது. எல்லாரும் தடுத்தும், குழம்பை நான்தான் வைப்பேன் என்றார். ஒத்தாசைக்கு நான் முதல்நாளே போயிருந்தேன். காலையில் அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அக்கா கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"உப்பு கரெக்டா கீதான்னு பாரு."

"படைக்கறதுக்கு முன்னாடியாக்கா?"

"அம்மா ஒண்ணும் சொல்லாது. எனக்கு நாக்கு செத்துப் போச்சுடி. வேற ஆருகிட்டயும் சொல்லாத."

நாக்கில் வைத்தேன். கருவாட்டைச் சரியாக அலசவில்லை, கல்லுப்பும் இரண்டு முறை விழுந்திருக்கிறது. அப்படிக் கரித்தது. கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றி, நாலு கத்திரிக்காயை அரிந்து போட்டிருந்தால் சரியாகியிருக்கும். கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"கரெக்டா கீதுக்கா" என்றேன்.

வாய் தவறி வரவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். இந்த ஒரு வருடமாவது என் தூக்கு காலியாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அக்கா நம்பிக்கையோடு குழம்பை இறக்கி, இலையில் ஊற்றி, கற்பூரம் ஏற்றினார்.

கடற்கரையில் வழக்கம்போல முதலில் அக்காவின் தூக்கைத்தான் திறந்தார்கள். முதல் கவளத்திலேயே எல்லார் கையும் நின்றுவிட்டது. தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் மாமாவைப் பார்த்தாள். அக்கா தலையில் கட்டிய துண்டோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் தூக்கின் மூடியைத் திறந்து கரண்டியும் போட்டு வைத்திருந்தேன். அப்போது அக்காவின் மாப்பிள்ளை தட்டை நீட்டினார்.

"அத்தே, இன்னொரு கரண்டி ஊத்துங்க."

அவ்வளவுதான். தம்பியும் கேட்டான், அவன் பிள்ளைகளும் கேட்டார்கள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடும் மாமாவும் கேட்டார். பெரிய கேன் தண்ணீர் தீர்ந்து, மாப்பிள்ளை ஓடிப்போய் இன்னொரு கேன் வாங்கிவந்தார். அக்காவின் தூக்கில் ஒரு மொச்சைகூட மிஞ்சவில்லை. என் வஞ்சிரம் பாதிக்கு மேல் கிடந்தது.

அன்று எரிந்த மாதிரி என் வயிறு என்றைக்கும் எரிந்ததில்லை. நல்ல குழம்பை வழித்துச் சாப்பிட்டால் கைப்பக்குவம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கரிக்கிற குழம்பை வழித்துச் சாப்பிட்டால் என்னவென்று சொல்வது? நான் வைத்தது கரித்தால் எனக்காக யார் அப்படி ஒரு கவளம் தின்பார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

வேனில் திரும்பும்போது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் தண்ணீராகக் குடித்தார்களே, பார்த்தாயா என்று மெதுவாகக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா திட்டவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பாவம்டி அம்மா. காலைலயே தின்னுட்டு தண்ணி கேட்டிருக்கும். அங்க ஆரு குடுப்பாங்க?"

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நாற்பது நாளில் போய்விட்டார். கடைசி வாரம் மருத்துவமனையில் மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். அக்காவைப் பார்க்க வருகிறவர்களுக்கா பஞ்சம்?

அக்காவைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், வேலையை விட்டுவிட்டு உடனிருந்த மகளுக்கும், மாப்பிள்ளைக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அந்தக் குழம்பைச் சாப்பிட்ட உங்கள் எல்லாருக்கும் என் சார்பில் தனி நன்றி. அது கரித்ததற்குக் காரணம் அக்காவின் கை அல்ல, என் வாய். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தம்பி கேட்டதும் எழுத ஒத்துக்கொண்டேன்.

துக்க வருடமானதால் இந்தத் தையில் நமக்குப் பொங்கல் இல்லை. முதலாம் ஆண்டுப் படையலன்று இந்த மலர் உங்கள் கைக்கு வரும். இலையில் அக்காவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருக்கும், நான் வைத்தது. அம்மாவின் சட்டப்படி ருசி பார்க்க மாட்டேன். இலைக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருப்பேன், அதை யாரும் எடுத்துவிட வேண்டாம். பந்திக்கு இரண்டு கேன் சொல்லியிருக்கிறேன். உப்பு எப்படி இருந்தாலும், அக்காவுக்குச் செய்ததை எனக்கும் ஒருமுறை செய்யுங்கள்.