அல்போன்ஸ் அண்ணை பேய் என்று சொன்ன காய்ச்சல்

போன தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தங்கை ஜெசிந்தா செத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டுக்காரர்களில் பாதிப்பேர் இன்று இந்தச் செபக்கூட்ட மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. இங்கே ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். யாரோ தன்னை ஏசுகிற சத்தம் பல வருடமாக அவளுக்குக் கேட்கும். பழைய மருந்துக் குளிசை சரிவரவில்லை என்று டொக்டர் புதியதைக் கொடுத்து, ஒரு கிழமையில் அளவையும் கூட்டினார். கூட்டிய மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. கைகள் கட்டையாக விறைத்துவிட்டன. வேர்வையில் மெத்தை நனைந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. என்னைப் பார்த்து, “ஆர் நீங்கள்?” என்றாள்.

நான் அம்புலன்ஸை அழைக்கவில்லை. உங்களை அழைத்தேன்.

நம் செபக்குழுத் தலைவர் அல்போன்ஸ் அண்ணை ஸ்ரௌவ்வில் ஊரிலிருந்து நாலு பேரோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றுமுன்பே நோய் என்னவென்று கண்டுபிடித்துவிட்டார்.

“உது காய்ச்சலில்லைப் பிள்ளை. பேய் போகமாட்டனெண்டு மல்லுக்கட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா உனக்கு விசுவாசமில்லையெண்டு அர்த்தம்.”

ஒரு அன்ரி விறைத்த விரல்களை இழுத்து விரிக்கப் பார்த்தார். ஜெசிந்தா முனகினாள். “பாருங்கோ, பேய் கத்துது!” என்றார் அண்ணை, சந்தோஷமாக.

நான் என்ன செய்தேன்? அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். என்னைப்போல ஒரு கோழை அன்று அந்த வீட்டில் வேறு இல்லை. குசினியில் நின்று செபித்தேன். “ஆண்டவரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. விளங்கின ஆரையாவது அனுப்பும்.”

போன் அடித்தது.

நாங்கள் குளிசை வாங்கும் மருந்துக்கடையில் வேலை செய்யும் தர்சினி. இங்கே பிறந்த சைவப் பிள்ளை. கோயில் பக்கமே போகாதவள் என்று நான் நக்கலடித்திருக்கிறேன்.

“ஹாய் அன்ரி, டோஸ் கூட்டினதுதானே, ஜெசிந்தா அக்கா எப்பிடி இருக்கிறா? சும்மா செக் பண்ண எடுத்தனான்.”

சொன்னேன். அவளுடைய குரல் மாறியது.

“காய்ச்சலோட உடம்பும் விறைச்சிருக்கா? அன்ரி, லிசின். உடனே நைன் வன் வன் அடியுங்கோ. அந்தக் குளிசையை இனிக் குடுக்காதேங்கோ. போத்திலை அம்புலன்ஸ்காரரிட்டக் காட்டுங்கோ. ப்ளீஸ், இப்பவே!”

அம்புலன்ஸ் வந்தபோது அல்போன்ஸ் அண்ணையின் பெரிய கார் வழியை மறித்துக்கொண்டு நின்றது. “விசுவாசம் குறைஞ்ச வீடு” என்று முணுமுணுத்தபடி அதை நகர்த்தினார்.

இந்த வகை மருந்துகளுக்கு மிக அரிதாக உடம்பு இப்படி எதிர்த்துத் திரும்புமாம். தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். இன்னும் பிந்தியிருந்தால் உயிரோடு இருந்திருக்கமாட்டாள் என்றார் டொக்டர். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் கண்ணைத் திறந்து, “அக்கா, தலை இழுக்கச் சீப்புத் தாங்கோ” என்றாள். அழுதுவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு இதே இடத்தில் அல்போன்ஸ் அண்ணை சாட்சி சொன்னார். தன் செபத்தால் பேய் ஓடிவிட்டதாம். இனித் தேவையில்லையென்று டொக்டரே குளிசையை நிப்பாட்டிவிட்டாராம். நீங்கள் அல்லேலூயா என்றீர்கள். வெட்கமில்லையா? உயிரைக் காப்பாற்ற நிறுத்தியவர் டொக்டர். இரத்தத்தைச் சோதித்து, கிழமைக்கணக்கில் பொறுத்து, வேறொரு குளிசையைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தொடங்கியவரும் அவரே. அதை ஜெசிந்தா இன்றும் விழுங்குகிறாள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது நான்.

தலையைக் குனியாதேங்கோ அண்ணை. பார்க்கிறவர்கள் நீங்கள் செபிக்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

என் ஆண்டவர் ஒரு கோழையின் செபத்தைக் கேட்டார். ஒவ்வொரு காலையும் அவருக்கு நன்றி சொல்கிறேன். நீங்களும் அவரை நம்புங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி விறைத்துக் கிடந்தால் அம்புலன்ஸை அழையுங்கள்; பிறகு முழந்தாளில் நில்லுங்கள்.

இதைச் சொல்லலாமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். “சொல்லுங்கோ அக்கா. ஆனா என்னைப் பேயெண்டு சொன்னவை என்னட்ட வந்து மன்னிப்புக் கேக்கவேணும்” என்றாள்.

கடைசி வரிசையில், நீலக் கோட்டோடு இருக்கிறாள். எழும்பி அவளிடம் போங்கள்.