இரண்டு கொம்புப் பெட்டி

யுத்தம் முடியப்போகிற மாதங்கள். குண்டசாலையில் என் மூத்த மகளோடு இருந்தேன். அவள் டீச்சர். நான் பன்வில தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் யாருக்கும் தலை குனிந்தவள் இல்லை.

கிளிநொச்சிப் பக்கம் கலியாணம் முடித்துப் போன இளைய மகளைப் பற்றி ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மகன், முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் படங்களைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவான். அதில் அவள் இருக்கிறாளா என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் அவன்தான் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். திடீர் திடீரென்று இன்டர்நெட் அறுந்துபோகும். கொஞ்ச நேரத்தில் தானாக வரும். மகள் கறுப்புத் திரையில் என்னவோ அடித்துவிட்டுக் காத்திருப்பாள். இணைப்பு இருந்தால் எண்கள் வரிவரியாக இறங்கும், போனால் நின்றுவிடும். தம்பி சொல்லச் சொல்ல எதையெல்லாமோ மாற்றினாள், டெலிபோன் வயரையும் மாற்றினாள். திருத்த வந்தவர் இருந்த ஒரு மணி நேரமும் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. லைனில் ஒரு பிழையும் இல்லை என்று போய்விட்டார்.

"ஒந்தம்பி போட்டதுதான் சரியில்ல புள்ள" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், ரோட்டில் ஜீப் சத்தம். ஹாலில் இரண்டு கொம்போடு பச்சை வெளிச்சம் மினுக்கும் இன்டர்நெட் பெட்டியை வழக்கம்போல அலுமினியச் சோற்றுப் பானையைக் கவிழ்த்து மூடினேன். வீடு சோதிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்தால், வன்னியிலிருக்கும் புலிகளுக்குச் செய்தி அனுப்பும் கருவி என்று மகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். முன்பு ஒரு பழைய ரேடியோவுக்கே அரை நாள் விசாரித்தார்கள். பயந்தவள் என்று காட்டப் பிடிக்காமல் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜீப் போனதும் பானையை எடுத்துவிடுவேன்.

"ஐயோ, நின்னுருச்சி!" என்று மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். பானையைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"ஜீப்புடி. கொம்பு தெரியக்கூடாதுன்னுதான்."

"எத்தன நாளா?"

"சத்தம் கேக்குற நேரமெல்லாம்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்தக் கொம்பு வழியாத்தான் எல்லாமே வருது. ரெண்டு மாசமா தம்பியத் திட்டித் தீத்துட்டேன். எடுங்கம்மா! ஒரு படம் நெத்தி வரைக்கும் எறங்கியிருக்கு. அவ மாதிரியே இருக்கு."

அதற்குள் ஜீப் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. என் கை பானையை விடவில்லை. உள்ளே ஒரு மகளின் பாதி நெற்றி. எதிரில் நிற்கிறவளும் மகள்தானே.

எடுத்தேன். கழுவக் கொண்டுபோகிறவள் மாதிரி பானையை இடுப்பில் வைத்து வாசலை மறைத்து நின்றேன். ஒருவன் இறங்கி எங்கள் வீட்டைப் பார்த்தான், பக்கத்து வீட்டைப் பார்த்தான். ஏறிப் போய்விட்டான்.

"அம்மா!" என்று அறையிலிருந்து சத்தம். போய்ப் பார்த்தேன். இளையவளேதான். கன்னம் ஒட்டி, மடியில் பிள்ளையோடு, உயிரோடு.

லினக்ஸைக் குறை சொன்னதற்கு மகனிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைவிட, அதற்கு முன்னால் எத்தனை படங்களை என் பானையால் அறுத்தேனோ என்று நினைத்தால்தான் இருப்புக் கொள்ளாது. இன்றைக்கும் வாசலில் கனத்த வாகனம் ஏதாவது நின்றால் என் கை பானையைத் தேடும். அந்தப் பாதி நெற்றி ஞாபகம் வரும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.